பெயர் 1050 டிஐ, சிப் வேறு: ஹட்டனில் ஆராயப்பட்ட ஒரு கிராபிக்ஸ் கார்ட்

2023 ஆம் ஆண்டு, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உள்ள எங்கள் கணினி திருத்தும் கடைக்கு ஒரு கணினி வந்தது. கொண்டுவந்தவர் இருபத்திரண்டு வயதுப் பெண். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுத்துச் சம்பாதிப்பவர். கணினி, அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இறக்குமதியாகும் வகை: கோர் ஐ5-4570, 8 ஜீபீ ராம், ஹார்ட் டிஸ்க். அதில் புதிதாகப் போட்டிருந்தது, படத்தையும் வீடியோவையும் கையாளும் ஒரு கிராபிக்ஸ் கார்ட் மட்டும். விளம்பரத்தில் பார்த்து, தொலைபேசியில் விலை பேசி, கூரியரில் வரவழைத்தது. என்விடியா ஜீடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜீபீ என்று சொல்லி 28,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அந்தக் கார்ட்டின் விலை, இவருடைய அம்மா 28 நாள் கொழுந்து எடுத்த சம்பளம்; ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதி) பிடித்தம் போகப் பார்த்தால் இன்னும் கூட. கொழும்பில் இருப்பவர் சந்தேகம் வந்தால் அன்று மாலையே கடைக்குத் திரும்பிப் போகலாம். பொகவந்தலாவையில் இருப்பவர் பஸ் பிடித்து ஹட்டன் வந்து, அங்கிருந்து கொழும்பு போய்த் திரும்புவதற்கு ஒரு நாள் வேலையும் போக்குவரத்துச் செலவும் போகும். அதனால்தான் மலையகத்தில் கிராபிக்ஸ் கார்ட்டின் வலுவைச் சோதிக்கிற வேலை, காசு கொடுக்கும் முன்பே நடக்க வேண்டிய வேலையாகிறது. இந்த ஆய்வை விரிவாக எழுதுவதும் அதற்காகத்தான்.

அவர் சொன்ன முறைப்பாடு இரண்டு. வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது கார்ட்டின் துணையோடு வேகமாகச் செய்யும் தெரிவு மென்பொருளில் வரவேயில்லை. முழு வேலையையும் ப்ரொசசர்தான் செய்கிறது. இரண்டாவது, 4கே காட்சி ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்தவுடன் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் தோன்றி எல்லாம் உறைந்துவிடுகிறது.

"விண்டோஸ்ல பாத்தா 1050 டிஐ, 4 ஜீபீன்னுதான் காட்டுது அண்ணா. வித்தவரும் அதத்தான் சொல்றாரு. கார்ட்ல பிழை இல்ல, ஒங்க சொப்ட்வெயார்லதான் பிழைன்றாரு."

"வேற ஏதாவது சொன்னாரா தங்கச்சி?"

"விண்டோஸ் அப்டேட் மட்டும் போடாதீங்கன்னு சொன்னாரு. டிரைவரும் அவரு அனுப்புன பென் டிரைவ்ல இருந்துதான் போடணுமாம்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முக்கியமாகப் பட்டது. நல்ல கார்ட் எந்த அப்டேட்டுக்கும் பயப்படாது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிரைவரை (கார்ட்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை) விட்டுவிட்டு, விற்றவர் தரும் டிரைவரைத்தான் போட வேண்டும் என்றால், அந்த டிரைவருக்குள் ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்ற எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. கையொப்பமில்லாத டிரைவரை ஏற்றுக்கொள்ளும்படி விண்டோஸின் ஒரு பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருந்தது என்பதன் அடையாளம் அது.

பெயர் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலானவர்கள் கார்ட்டைச் சோதிக்கும் விதம் இதுதான்: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி டிஎக்ஸ்டயக் என்று தட்டுவது, அல்லது டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பகுதியைத் திறப்பது. பெயர் வரும், நினைவகம் வரும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சோதனை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வலுவைச் சோதிப்பதன் முதல் படி என்ற அளவில் இதில் பிழையில்லை. ஆனால் அங்கே தெரியும் பெயரைக் கார்ட்டின் சிப் சொல்வதில்லை. ஒவ்வொரு கார்ட்டும் கணினியிடம் கொடுப்பது ஒரு தயாரிப்பாளர் எண்ணையும் ஒரு சாதன எண்ணையும்தான். டிரைவர் பொதிக்குள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. இன்ன எண் வந்தால் இன்ன பெயரைக் காட்டு என்று அதில் எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்து எவரும் அந்தப் பெயரை மாற்றலாம். மாற்றினால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் உடையும். அதற்குத்தான் டெஸ்ட் மோட்.

நினைவக அளவும் அப்படித்தான். கார்ட்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருளான பயாஸ் சொல்வதை விண்டோஸ் நம்புகிறது. பயாஸை மாற்றி எழுதினால் 1 ஜீபீ இருக்கும் இடத்தில் 4 ஜீபீ என்று காட்டும்.

எனவே ஆய்வை இப்படிப் பிரித்துக்கொண்டேன்: எழுதி மாற்றக்கூடிய தகவல் எது, சிப்பை மாற்றாமல் மாற்றவே முடியாத தகவல் எது. பெயர், நினைவக அளவு, திரையில் காட்டும் வேகம் மூன்றும் முதல் வகை. சிப்பின் வசதிகள், அதற்குள் இருக்கும் வீடியோ என்ஜின், அது எடுக்கும் மின்சாரம், கொடுத்த வேலையை முடிக்கும் நேரம் ஆகியவை இரண்டாம் வகை. ஒரு கார்ட்டின் வலு என்ன என்ற கேள்விக்கு இரண்டாம் வகையிலிருந்துதான் விடை எடுக்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் கார்ட்டின் மேல் வலது கிளிக் செய்து, விபரங்கள் பகுதியில் வன்பொருள் எண்ணைப் பார்த்தேன். தயாரிப்பாளர் எண் 10டிஈ. அது என்விடியாவினுடையது, சரி. சாதன எண் 0டிசி4. உண்மையான ஜீடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட்டின் எண் 1சி82. 0டிசி4 என்பது ஜீடிஎஸ் 450. அது 2010 செப்டெம்பரில் வந்த கார்ட்; 1050 டிஐ வந்தது 2016 ஒக்டோபரில்.

விற்றவர் ஆதாரமாகக் காட்டிய டிஎக்ஸ்டயக் ஜன்னலிலேயே மறுப்பும் இருந்தது. பெயர் இருக்கும் அதே பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் வசதி நிலைகள் என்று ஒரு வரி உண்டு; படம் வரையும் வசதிகளில் எந்த மட்டம் வரை சிப் தாங்கும் என்பதை அது சொல்லும். 1050 டிஐ என்றால் அது 12_1 என்று தொடங்க வேண்டும். இங்கே 11_0 என்று தொடங்கியது. என்விடியா தன் சிப்களுக்குத் தலைமுறை வாரியாகப் பெயர் வைக்கும்: 1050 டிஐ பாஸ்கல் தலைமுறை. ஜீடிஎஸ் 450 ஃபெர்மி தலைமுறை. ஃபெர்மி சிப்பால் 11_0 க்கு மேல் போக முடியாது. அந்த வரியை டிரைவர் சிப்பிடமிருந்து கேட்டு எழுதுகிறது என்பதால், பெயரைத் திருத்தியவர் அதைத் தொடவில்லை.

எனக்கு மிகவும் திருப்தி தந்த சோதனை அடுத்தது. பென் டிரைவில் வந்த டிரைவரை முழுவதும் துடைத்துவிட்டு, டெஸ்ட் மோடையும் நிறுத்திவிட்டு, என்விடியாவின் தளத்திலிருந்து 391.35 என்ற டிரைவரை இறக்கிப் போட்டேன். அந்தப் பதிப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஃபெர்மி கார்ட்களுக்கு என்விடியா வெளியிட்ட கடைசிப் பிரதான டிரைவர் அதுதான், 2018 இல் வந்தது. அதே பொதிக்குள் 1050 டிஐ கார்ட்டுக்கான ஆதரவும் இருக்கிறது. ஒரே பொதிக்குள் இரண்டு பெயரும் இருக்க, எதைத் தேர்வது என்பதை அந்த டிரைவர் வன்பொருள் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யும். கணினியை மீளத் தொடக்கியதும் திரையில் வந்த பெயர் ஜீடிஎஸ் 450. விற்றவர் அப்டேட் போட வேண்டாம் என்று சொன்னதன் காரணம் அப்போது முழுமையாக விளங்கியது. விண்டோஸ் தானாக ஒரு சுத்தமான டிரைவரை எடுத்துப் போட்டிருந்தால் இதே பெயர்தான் வந்திருக்கும்.

சாதன எண்ணையே பயாஸில் மாற்றி எழுதிய கார்ட்களும் சந்தையில் உண்டு. அவற்றில் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். வசதி நிலையையும் பார்ப்பவர் ஏமாறமாட்டார். ஜீபீயூ-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 இல் வந்த 2.12.0 பதிப்பிலிருந்து இந்த வகைப் போலி என்விடியா கார்ட்களைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே எழுதிக் காட்டுகிறது. சிப்பின் உண்மையான குடும்பத்தைப் படித்து, அது சொல்லும் பெயரோடு ஒப்பிடுவதே அதன் வழி. வாங்கும் இடத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால், நான் முதலில் ஓடவிடுவது இதைத்தான்.

கழற்றிப் பார்த்தது

மென்பொருள் சொன்னதைக் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டியிருந்தது. விற்றவரிடம் போய்ப் பேசும்போது, திரையில் வந்த எண்களை விடச் சிப்பின் மேல் பொறித்த எழுத்துக்குத்தான் மதிப்பு.

கார்ட்டைக் கழற்றாமலே தெரியக்கூடிய அடையாளங்கள் இரண்டு இருந்தன. பின்பக்கம் பழைய மொனிட்டர்களுக்கான நீல நிறப் போர்ட், மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் கொண்டது. பாஸ்கல் தலைமுறையில் என்விடியா அனலொக் வெளியீட்டையே கைவிட்டுவிட்டது. 1050 டிஐ கார்ட்டில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், டிஜிட்டல் டிவிஐ இருக்கும். நீலப் போர்ட் இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய மொனிட்டர்கள்தான் அதிகம் என்பதால் நீலப் போர்ட் இருப்பதை வசதி என்று எண்ணி வாங்குகிறார்கள். போலி செய்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, மேல் விளிம்பில் ஆறு ஊசி மின் இணைப்பு. 1050 டிஐ எடுப்பது 75 வாட். மதர்போர்ட்டின் துளை வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும் என்பதால் பெரும்பாலான 1050 டிஐ கார்ட்களுக்குத் தனி மின்வயர் தேவையில்லை. வேகம் கூட்டி விற்கும் சில மொடல்களில் அந்த இணைப்பு இருப்பதுண்டு. ஆகவே இது மட்டும் தனியே போதிய சான்று ஆகாது. ஆனால் இங்கே அது வேறொரு ஆபத்தைக் காட்டியது. ஜீடிஎஸ் 450 எடுப்பது 106 வாட். இந்த அலுவலகக் கணினியின் பவர் சப்ளையில் ஆறு ஊசி வயர் கிடையாது. அதனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்வயரிலிருந்து ஒரு மாற்றி போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் ஊசிகள் மூன்று, ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். மொத்தம் 54 வாட்தான் தாங்கும். ஆறு ஊசி இணைப்போ 75 வாட் வரை இழுக்கலாம். அந்த மாற்றியின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. மரப் பலகைத் தட்டி அடித்த லயத்து அறையில் இது ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், ஏமாற்றிய காசை விட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்ட்டுக்கு மின்சாரம் எடுக்கும் மாற்றியை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு விசிறியையும் ஹீட்சிங்கையும் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்தேன். சிப்பின் மேல் இருந்த எழுத்து ஜீஎஃப்106-250. அது ஜீடிஎஸ் 450 இன் சிப். 1050 டிஐ என்றால் ஜீபீ107-400 என்று இருக்க வேண்டும். அளவிலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: பழையது 40 நனோமீற்றர் முறையில் செய்த 238 சதுர மில்லிமீற்றர், புதியது 14 நனோமீற்றர் முறையில் செய்த 132 சதுர மில்லிமீற்றர். சிறிய சிப்புக்குள் 330 கோடி டிரான்சிஸ்டர்கள், பெரிய சிப்புக்குள் 117 கோடி.

நினைவகச் சிப்கள் எட்டு. அவற்றின் இலக்கத்தைத் தேடிப் பார்த்ததில் ஒவ்வொன்றும் 1 ஜிகாபிட், அதாவது 128 மெகாபைட். எட்டையும் கூட்டினால் 1,024 மெகாபைட், 1 ஜீபீ. திரையில் கட்டங்கள் தோன்றியதற்கு இதுதான் காரணம். ஒரு 4கே காட்சி மட்டும் இருக்கும்வரை 1 ஜீபீ எப்படியோ சமாளித்தது. இரண்டாவது காட்சி வந்ததும், 4 ஜீபீ இருக்கிறது என்று நம்பிய மென்பொருள் இல்லாத இடத்தில் எழுதப் போனது. நினைவகத்தைச் சிறிது சிறிதாக நிரப்பும் சோதனையை ஓடவிட்டபோதும் 1 ஜீபீ எல்லையைத் தாண்டிய இடத்தில் பிழைகள் கொட்டின. பாவித்த கார்ட் வாங்கும் எவருக்கும் இந்தச் சோதனை முக்கியம். உண்மையான கார்ட்டில்கூடப் பழுதான நினைவகச் சிப் இருந்தால், அதை முழுவதும் நிரப்பினால்தான் தெரியும்.

வலுவைக் கணக்கிட்டால்

போலி என்று நிரூபித்தாயிற்று. எவ்வளவு வலு குறைவு? அதைத்தான் அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு வேலை நடக்க வேண்டும். பெயர் என்னவாக இருந்தால் என்ன?

காகிதத்தில் போடும் கணக்கு எளிது. கோர்களின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி, மேலும் இரண்டால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும் என்பதால் அந்த இரண்டு. 1050 டிஐ இல் 768 கோர், 1,392 மெகாஹேர்ட்ஸ்: வினாடிக்கு ஏறத்தாழ 2.1 டிரில்லியன் கணக்குகள். ஜீடிஎஸ் 450 இல் 192 கோர், அவை ஓடும் வேகம் 1,566 மெகாஹேர்ட்ஸ்: ஏறத்தாழ 0.6 டிரில்லியன். மூன்றரை மடங்கு வித்தியாசம்.

நினைவகப் பாதையின் கணக்கு வேறு. பாதையின் அகலத்தை எட்டால் வகுத்து, நினைவகத்தின் வேகத்தால் பெருக்க வேண்டும். இரண்டு கார்ட்டிலும் அகலம் 128 பிட்தான். ஆனால் ஒன்றின் வேகம் 7 ஜிகாபிட், மற்றதன் வேகம் 3.608 ஜிகாபிட். ஆகவே வினாடிக்கு 112 ஜீபீ எதிர் 57.7 ஜீபீ. இது இரண்டு மடங்கு.

கடையில் இருந்த உண்மையான 1050 டிஐ ஒன்றை அதே கணினியில் மாட்டி, 3டி காட்சிகளை ஓட்டி வேகம் அளக்கும் யுனிஜின் ஹெவன் சோதனையை ஒரே அமைப்பில் இரண்டிலும் ஓடவிட்டேன். உண்மையானது மூன்று மடங்குக்கு நெருக்கமாகப் பிரேம் கொடுத்தது. மூன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் விடை வந்தது இயல்பே. சில காட்சிகளில் கணக்கு வேகம் தடையாகிறது, சிலவற்றில் நினைவகப் பாதை தடையாகிறது. பாஸ்கல் சிப் நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் என்பதால் அதன் 112 ஜீபீ நடைமுறையில் இன்னும் தூரம் போகிறது. கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து இது அதைவிட இத்தனை மடங்கு என்று சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஆனால் இவருடைய வேலைக்கு இந்த மூன்று மடங்கு கூடப் பெரிய விடயமில்லை. ஜீடிஎஸ் 450 இல் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்வென்க் என்ஜின் இல்லை. அது 2012 இல் கெப்ளர் தலைமுறையோடுதான் வந்தது. சிப்பில் இல்லாத என்ஜினை எந்த டிரைவராலும் தர முடியாது. ஏற்றுமதித் தெரிவு மென்பொருளில் வராமல் போனதற்குக் காரணம் அதுவே. உண்மையான கார்ட்டை மாட்டியதும் அந்தத் தெரிவு தானாக வந்தது. ஏற்றுமதி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கார்ட்டின் பக்கத்தைத் திறந்து, 'வீடியோ என்கோட்' வரைபடம் எழும்புவதைக் காட்டினேன். ஒரு கார்ட்டின் வலுவை அளக்க விரும்புகிறவர் முதலில் தன் வேலை அந்தச் சிப்பின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்று கேட்க வேண்டும். விளையாட்டுக்கு வாங்குபவர் பார்க்க வேண்டிய வரைபடம் வேறு, கல்யாண வீடியோ செய்பவர் பார்க்க வேண்டிய வரைபடம் வேறு.

உண்மையான கார்ட்டிலும் மீதமிருந்த குறை

இங்கே ஆய்வு முடிந்திருக்கலாம். ஆனால் உண்மையான 1050 டிஐ மாட்டிய பின்பும் 4கே காட்சிகளை வெட்டும்போது படம் தடங்கித் தடங்கித்தான் ஓடியது. அப்போது டாஸ்க் மேனேஜரில் ப்ரொசசர் 100 சதவீதத்தில் நின்றது. கார்ட்டின் '3டி' வரைபடம் பாதிக்குக் கீழே கிடந்தது. கார்ட்டுக்கு வேலை வந்து சேரவில்லை. நான்கு கோர், நான்கு திரெட் கொண்ட 2013 ஆம் ஆண்டு ப்ரொசசர். ஒரே துண்டாக 8 ஜீபீ ராம். காட்சிக் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கில். ராமை ஒரே துண்டாகப் போட்டால் டிடிஆர்3-1600 வினாடிக்கு 12.8 ஜீபீதான் தரும். இரண்டு துண்டாகப் போட்டால் 25.6 ஜீபீ. இந்தக் கணினியில் இதைவிடப் பெரிய கார்ட்டைப் போட்டாலும் வெட்டும் வேகம் கூடாது. காசு கரையும், அவ்வளவுதான். 4கே காட்சிகளுக்குச் சிறிய பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வெட்டி, ஏற்றுமதியின்போது மட்டும் மூலத்துக்கு மாறும் முறையை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். அவருடைய நாளாந்த வேலைக்கு அதுதான் பெரிய ஆறுதல் என்று பிறகு சொன்னார்.

மலையில் சோதிப்பவர்கள் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாஸ்கல் கார்ட் சூடாக ஆகத் தன் வேகத்தைச் சிறு படிகளாகக் குறைத்துக்கொண்டே போகும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ பகலில் 30 பாகையைத் தாண்டும். ஹட்டனில் மார்கழிக் காலையில் எடுத்த அளவை வைத்து, மட்டக்களப்பில் இருக்கும் உறவினருக்குக் கார்ட்டை விற்றால் அங்கே அதே வேகம் வராது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளும் காற்று அங்கே அவ்வளவு வெப்பத்தைச் சுமக்காது. ஆனாலும் குளிர் அதை ஈடு செய்துவிடுகிறது. எனவே அளவெடுக்கும்போது அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கிறோம். குறைந்தது கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு வரும் வேகத்தைத்தான் கார்ட்டின் வேகமாக எடுக்கிறோம். முதல் நிமிடத்தில் எந்தக் கார்ட்டும் நன்றாகத்தான் ஓடும்.

ஆனி, ஆடியில் மூடுபனியும் மழையும் விடாத நாட்களில் இன்னொரு தொல்லை. மதர்போர்ட்டில் செருகும் பொன்னிற முனையில் ஈரம் படிந்து கறுத்துப்போகும். தொடர்பு சரியில்லாவிட்டால், மதர்போர்ட்டோடு பதினாறு தரவுப் பாதையில் ஓட வேண்டிய கார்ட் எட்டிலோ நான்கிலோ ஓடும். ஜீபீயூ-இசட் அந்த எண்ணைக் காட்டும். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

போலியில்லாத பெயர்களும் ஏமாற்றும்

பணம் திரும்பி வந்தால் எதை வாங்குவது என்று அவர் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். அதில் இருந்தவை எல்லாம் உண்மையான கார்ட்கள்தான். ஆனாலும் பெயரை நம்பி வாங்கக் கூடாதவை சில இருந்தன.

ஜீடி 1030 இரண்டு வகையில் உண்டு. 2017 இல் வந்தது ஜீடிடிஆர்5 நினைவகத்தோடு வினாடிக்கு 48 ஜீபீ. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்தது 16.8 ஜீபீ. பெட்டியின் முன்பக்கம் ஒரே பெயர், நினைவகப் பாதையின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இரண்டிலும் என்வென்க் கிடையாது. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் 2,304 கோர் கொண்டதும் உண்டு, சீனச் சந்தைக்கென்று வந்த 2,048 கோர் கொண்டதும் உண்டு. 2022 இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பட்டியலில் எல்லாவற்றையும் விடப் புதியது. அதில் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்ஜினையே வைக்கவில்லை. நான்கு பாதையில் மட்டும் இணையும் என்பதால் இவருடைய பழைய மதர்போர்ட்டில் அதன் போக்குவரத்து இன்னும் பாதியாகிவிடும். விளையாடுபவருக்கு அது பிழையான தெரிவு என்று சொல்லமாட்டேன். இவருக்கு அது ஜீடிஎஸ் 450 விட்ட அதே குறையை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவது.

தெரிவு ஜீடிஎக்ஸ் 1650 என்று முடிந்தது. 2019 இல் வந்தது, 896 கோர், 4 ஜீபீ, 75 வாட், தனி மின்வயர் தேவையில்லாத மொடல்.

விற்றவரோடு பேசியது

சான்றுகளை ஒரே தாளில் சேர்த்துக் கொடுத்தேன்: வன்பொருள் எண், 11_0 என்ற வரி, 391.35 டிரைவரோடு வந்த பெயர், சிப்பின் படம், பழுப்பேறிய மாற்றியின் படம். விற்றவர் முதலில் மறுத்தார். தானும் இன்னொருவரிடம் மொத்தமாக வாங்கியதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். இந்தக் கார்ட்கள் பல கை மாறி வருகின்றன. ஆனால் அப்டேட் போடாதே என்று வாயால் சொன்னவருக்கு, அப்டேட் போட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடப் போவதாகவும், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கப் போவதாகவும் அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு விற்றவர் கார்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு 22,000 ரூபாய் அனுப்பினார். மிச்சம் 6,000 வரவில்லை. முறைப்பாட்டை எழுதியே கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். திருவிழாக் காலம் நெருங்கிவிட்டது, வேலை கிடக்கிறது என்று அவர் அதோடு விட்டுவிட்டார். அது அவருடைய முடிவு. என்னைக் கேட்டால் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கார்ட் இப்போது இன்னொருவருடைய கணினியில் இருக்கக்கூடும்.

1650 ஐக் கண்டியில் ஒருவரிடமிருந்து வாங்கினார். இந்த முறை காசு அனுப்பும் முன் விற்றவரிடம் ஒன்று கேட்டார்: திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், டிஎக்ஸ்டயக்கில் எல்லாத் தகவலையும் சேமிக்கும் பட்டனை அழுத்தி அந்த எழுத்துக் கோப்பை அனுப்புங்கள். அந்தக் கோப்பில் தயாரிப்பாளர் எண், சாதன எண், வசதி நிலைகள், டிரைவரின் பதிப்பு, திகதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதோடு பின்பக்கப் போர்ட்களின் படம் ஒன்று, ஜீபீயூ-இசட் படம் ஒன்று. சாதன எண் 1எஃப்82, வசதி நிலை 12_1, டிரைவர் அந்த ஆண்டினது. விற்றவரும் தயங்காமல் எல்லாவற்றையும் அனுப்பினார். ஒழுங்காக விற்பவருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை.

கார்ட் வந்த அன்று கடைக்குக் கொண்டுவந்து நினைவகத்தை முழுவதும் நிரப்பிப் பார்த்தோம். பிழை வரவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டதில் வேகம் நிலையாக நின்றது. சாட்டா மாற்றியை வெட்டிக் குப்பையில் போட்டோம். இன்னொரு 8 ஜீபீ ராம் துண்டைச் சேர்த்து இரட்டைப் பாதையாக்கினோம். எஸ்எஸ்டி போடுவதற்கு மட்டும் அடுத்த கல்யாண ஓர்டரின் காசு வரட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்.